கையை விட்டாலும் நேரே போகும் வண்டி

மணிக்கு 18 கிலோமீட்டர் வரை அந்த வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. 20-ஐத் தொட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை தேடத் தொடங்கும். 25-இல் வண்டி சாலையின் ஓரத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே அலையும். ஓட்டுபவர் பிடியை இறுக்கினால் அலைச்சல் கூடுமே தவிரக் குறையாது.

கோவை வடவள்ளியில் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் அதைச் செய்தவர், பஞ்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில்களை மையம் பார்த்து நிறுத்துவதில் வாழ்நாளைக் கழித்த கை. இடுப்பு எலும்புத் தேய்மானம் வந்தபின் குனிந்து ஓட்டும் சைக்கிள் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சைக்கிளே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் சாய்ந்து படுத்த வாக்கில் ஓட்டும் மூன்றுசக்கர வண்டியைச் செய்ய இறங்கினார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. கால்கள் முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். முதுகு முழுவதும் இருக்கையில் சாய்ந்திருக்கும்.

இந்த வகை வண்டிக்குக் கௌரவமான வரலாறு உண்டு. பிரான்ஸில் ஷார்ல் மோஷே வடிவமைத்த 'வெலோகார்' என்ற சாய்வு சைக்கிளில் 1933 ஜூலை 7 அன்று பிரான்ஸுவா ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். 1914 முதல் யாராலும் அசைக்க முடியாதிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனை அன்று விழுந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளின் வடிவத்தை வரையறுத்து, சாய்வு வண்டிகளைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. பந்தயம் இல்லையென்றால் தொழிற்சாலைக்கும் அதில் அக்கறை இல்லை. இந்த வண்டி பிழைத்துக் கிடந்தது பெரும்பாலும் வீட்டுப் பட்டறைகளில், பைப்பை வளைத்து வெல்டு வைக்கத் தெரிந்தவர்களின் கைகளில். ஆகவே வடவள்ளித் தாழ்வாரம் ஒன்றில் அது உருவானதில் வியப்பில்லை.

வண்டியின் உடல் எளிமையானது. 40 மி.மீ. சதுர பைப் நடுத்தண்டு. அதன் முன்பகுதியில் குறுக்கே ஒரு பைப். அந்தக் குறுக்குப் பைப்பின் இரு முனைகளிலும் பழைய சைக்கிளிலிருந்து எடுத்த ஹெட் பைப், கப்பு, கோன், குண்டுகளோடு. அவைதான், சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னுக்கு வீடு. முன்னால் 20 அங்குலச் சக்கரங்கள், பின்னால் 26 அங்குலம். முன்சக்கரம் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே நிற்காமல் ஒரே பக்கம் பிடித்து நிற்பதால் சாதாரண சைக்கிள் அச்சு தாங்காது. அதற்காக 15 மி.மீ. அச்சும், அதற்குப் பொருந்தும் 6202 பேரிங்கும் போட்டு ஹப்பை லேத்தில் கடைந்தார்கள். இரண்டு பக்கமும் கிங் பின்னின் தலையில் ஒரு கைப்பிடி. இரு சக்கரங்களையும் ஒரு டை ராடு இணைத்தது.

எல்லாம் சரியாகவே இருந்தது, வேகம் வரும்வரை.

காரணம் தேடியவர் முதலில் போனது எல்லோரும் போகும் இடத்துக்குத்தான்: அக்கர்மேன். ஸ்டியரிங் பற்றி நான்கு வரி படித்தவர்களுக்கும் தெரிந்த பெயர் அது. 1810-களின் நடுவில் மியூனிக் நகரத்து வண்டிக் கொல்லர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர், குதிரை வண்டியின் முன் அச்சு முழுவதையும் திருப்பாமல் சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பும் முறையைக் கண்டுபிடித்தார். லண்டனில் அச்சுப்படங்கள், புத்தகங்கள் விற்ற ருடால்ஃப் அக்கர்மேன் அவருடைய முகவராக 1818-இல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். பெயர் முகவருடையதாக நிலைத்தது. அதற்கும் 60 ஆண்டுகளுக்கு முன்பே, பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் இதே வழியை யோசித்திருந்தார்.

கொள்கை இதுதான். வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. ஆகவே உள்சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இதைக் கிட்டத்தட்டச் சாதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. கிங் பின்னிலிருந்து டை ராடு மூட்டு வரை ஒரு கோடு இழுத்து, அதைப் பின்னால் நீட்டினால் அது பின் அச்சின் மையத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டு பக்கக் கோடுகளும் அங்கே சந்திக்க வேண்டும். அவருடைய வண்டியில் கிங் பின்களுக்கு இடையே 60 செ.மீ., முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு 105 செ.மீ. கணக்குப் போட்டால், கிங் பின்னையும் டை ராடையும் இணைக்கும் ஸ்டியரிங் ஆர்ம் உள்பக்கமாகச் சாய வேண்டிய கோணம் ஏறத்தாழ 16 டிகிரி. வண்டியில் இருந்ததோ 11.

இதோ கிடைத்துவிட்டது என்று ஆர்மை அறுத்து மறுபடி வெல்டு வைக்க லேத்துப் பட்டறைக்குப் போனார். பட்டறை நடத்தும் இளைஞர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முன்சக்கரம் ஒன்றை இரு கைகளாலும் பிடித்து ஆட்டினார். 'டக்' என்றது.

"அண்ணா, கோணத்த அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல இந்தச் சத்தத்தக் கேளுங்க. டை ராடு போல்ட்டுல எவ்வளவு பிளே இருக்குது பாருங்க."

அந்த ஒரு 'டக்' அவருடைய தேடலின் திசையையே மாற்றியது. அன்றிரவு அவர் நோட்டில் எழுதிப் பார்த்த கணக்கை, வீட்டில் வண்டி செய்யும் ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். உள்சக்கரம் 30 டிகிரி திரும்பினால், அவர் வண்டியின் அளவுகளுக்கு வெளிச்சக்கரம் 23.5 டிகிரி திரும்ப வேண்டும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் 30 டிகிரி திருப்புவது தெருமுனையில், நடை வேகத்தில். நேர்ச்சாலையில் 25 கி.மீ. வேகத்தில் சக்கரம் 2 டிகிரிக்கு மேல் திரும்புவதே அரிது. அப்போது வெளிச்சக்கரம் திரும்ப வேண்டியது 1.96 டிகிரி. வித்தியாசம் 0.04 டிகிரி! டை ராடு மூட்டில் 1 மி.மீ. பிளே இருந்தாலோ, 7 செ.மீ. நீள ஆர்மில் அது 0.8 டிகிரி ஆட்டமாகிறது. அக்கர்மேன் கோணத்தை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும், அதைப் போல 20 மடங்கு குளறுபடியை ஒரு தேய்ந்த போல்ட் துளை செய்துவிடும்.

அக்கர்மேன் பெயர் பெரியது. நேர்ச்சாலை அலைச்சலில் அதன் பங்கு மிகச் சிறியது. வளைவில் டயர் தேய்மானத்தையும், திரும்பும்போது கால்களுக்கு ஏறும் பாரத்தையும் அது குறைக்கும். அதற்காகவே அதைச் சரியாக வைக்க வேண்டும். ஆனால் வண்டி அலைகிறது என்றால் அங்கிருந்து தொடங்கக் கூடாது.

ஆகவே வரிசை மாறியது. போல்ட்டும் புஷ்ஷுமாக இருந்த டை ராடு மூட்டுகள் போய் ராடு எண்ட் பேரிங்குகள் வந்தன. ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. ராடைக் கையால் சுழற்றினாலே நீளம் கூடும், குறையும். கழற்றிப் பூட்ட வேண்டிய தொல்லை இல்லை. கிங் பின்னின் கப்பு, கோன்களை மாற்றி, ஆட்டம் போய் ஆனால் இறுக்கம் வராத இடத்தில் லாக் நட்டை நிறுத்தினார். சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் இப்போது சத்தம் இல்லை.

அலைச்சல் பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

அடுத்தது டோ-இன். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, முன்பக்கம் சற்றுக் குவிந்திருக்கின்றனவா, விரிந்திருக்கின்றனவா என்பது. காருக்கு அலைன்மென்ட் பார்க்கும் கடையில் இதற்கு இயந்திரம் உண்டு. அவரிடம் இருந்தது ஒரு சாக்கட்டியும் டேப்பும். இரு டயர்களின் நடுவிலும் அச்சு உயரத்தில், முன்பக்கமாக ஒரு சாக்கட்டிக் கோடு. அந்த இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். பிறகு வண்டியை மெல்ல உருட்டி, அதே கோடுகள் பின்பக்கம் அச்சு உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அதே புள்ளிகளை அளப்பதால் ரிம் சற்றுக் கோணலாக இருந்தாலும் கணக்கு கெடாது. இந்த வழி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் அரை மில்லிமீட்டர் வரை நம்பலாம்.

முன்பக்கம் 2 மி.மீ. குறைவாக இருக்குமாறு வைத்தார். அது நூல் பிடித்த அளவு. ஓட்டினால் திருப்தி இல்லை. டயர்கள் தேய்ந்த விதமும் பொருந்தவில்லை. ரப்பரில் கையை வைத்துத் தடவினால் சக்கரங்கள் முன்னால் விரிந்து ஓடுவதுபோல் பிசிறுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

விடை கிடைத்தது அவருடைய தங்கை மகன் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. "மாமா, நீங்க உக்காருங்க, நான் அளக்கறேன்" என்று பையன் டேப்பை வாங்கினான். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் 2 மி.மீ. உள்குவிதல் 4 மி.மீ. வெளிவிரிதலாக மாறியிருந்தது!

காரணம் குறுக்குப் பைப். ஆள் எடை நடுவில் இறங்கும்போது பைப் நடுவில் தொய்ந்து முனைகள் மேலெழுகின்றன. கிங் பின்களின் தலை உள்நோக்கிச் சாய்கிறது, கால் வெளியே போகிறது. டை ராடோ கீழ்மட்டத்தில், அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் நீளம் மாறாது. கிங் பின்னின் அடிப்பகுதி வெளியே போகும்போது ஆர்மின் நுனி மட்டும் இழுத்துப் பிடிக்கப்படுவதால் சக்கரத்தின் பின்பக்கம் உள்ளே வருகிறது, முன்பக்கம் விரிகிறது. விரிந்த சக்கரங்களில் எந்தப் பக்கம் எடை கூடுகிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். மிதிக்கும்போது எடை வலமும் இடமுமாக மாறிக்கொண்டே இருக்கும். வண்டி ஏன் அலைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

குறுக்குப் பைப்பின் அடியில் ஒரு முட்டுப் பைப் வைத்து முக்கோணமாக்கினார். மூலைகளில் தகடு. தொய்வு பெருமளவு நின்றது. அதன்பின் டோ-இன்னை எப்போதும் தான் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்கச் சொன்னார். ஆள் ஏறிய நிலையில் 1 முதல் 2 மி.மீ. வரை உள்குவிதல். அது மூட்டுகளில் மிச்சமிருக்கும் இளக்கத்தையும் ஒரே பக்கமாக நெருக்கி வைக்கும். அதற்கு மேல் குவித்தால் டயர்தான் தேயும், மிதிக்கவும் கனக்கும். காலி வண்டியை அளந்து பெருமைப்படுகிறவர்களிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "ஏறி உக்காந்து பாத்தீங்களா?" என்பதுதான்.

இவ்வளவும் செய்த பிறகுதான் வண்டியின் உண்மையான குறை வெளியே தெரிந்தது. அது தானாக நேராகவில்லை. சைக்கிளிலோ பைக்கிலோ கைப்பிடியைத் திருப்பிவிட்டுத் தளர்த்தினால் அது நடுவுக்கு வரும். இந்த வண்டியில் திருப்பிய சக்கரம் திருப்பிய இடத்திலேயே நின்றது. நேரே வைத்திருப்பது முழுக்க ஓட்டுபவரின் வேலையாக இருந்தது. சாய்ந்த நிலையில் பெடலை அழுத்தி மிதிக்கும்போது தோள் இடமும் வலமும் அசையும், அந்த அசைவு கை வழியே ஸ்டியரிங்குக்குப் போகும். பெடலின் தாளத்துக்கே வண்டி தலையாட்டியது.

கிங் பின்னைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தியிருந்ததுதான் இதற்குக் காரணம். பஞ்சாலையில் செங்குத்து என்றால் சரி என்று பொருள். இங்கே அப்படி இல்லை. கிங் பின்னின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்படிச் சாய்ந்தால் அந்த அச்சை நீட்டிய கோடு, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழும். டயர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும். கடைகளில் தள்ளிக்கொண்டு போகும் டிராலியின் சிறு சக்கரம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதனால்தான். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர், சாய்மானத்துக்குக் காஸ்டர். அவருடைய முன்சக்கரத்தின் ஆரம் 24 செ.மீ. செங்குத்தாக இருந்தால் டிரெயில் பூஜ்யம். 5 டிகிரி சாய்த்தால் 2 செ.மீ. 12 டிகிரி சாய்த்தால் 5 செ.மீ. இந்த வகை வண்டிகளுக்கு 10-லிருந்து 14 டிகிரி வரை என்பது பலரும் வந்து நிற்கும் இடம். அதற்கு மேல் போனால் திருப்புவதற்குக் கை வலிக்கும், மெதுவான வேகத்தில் சக்கரம் ஒரு பக்கம் சரிந்து விழப் பார்க்கும்.

12 என்று முடிவு செய்தார். ஹெட் பைப்புகளை அறுத்தெடுக்க வேண்டும். அறுப்பதென்றால் இன்னொரு கோணத்தையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுதான் பிரேக்குக்கான கோணம்.

அவர் வண்டியில் இரண்டு கைப்பிடிகளிலும் ஒவ்வொரு பிரேக் லீவர். இடது கை இடது சக்கரத்துக்கு, வலது கை வலது சக்கரத்துக்கு. ஒன்றை மட்டும் பிடித்தால் கைப்பிடி வெடுக்கென்று அந்தப் பக்கம் பிடுங்கிக்கொண்டு போகும். கிங் பின் கோடு தரையில் விழும் இடத்துக்கும் டயரின் மையத்துக்கும் இடையே பக்கவாட்டில் 6 செ.மீ. இருந்தது. பிரேக் பிடிக்கும் விசை அந்த 6 செ.மீ.யை நெம்புகோலாக்கிச் சக்கரத்தைத் திருப்புகிறது. ரோட்டில் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினாலும் இதுவே நடக்கும். கிங் பின்னின் அடியை வெளிநோக்கிச் சாய்த்து, கோடு நேரே டயரின் மையத்தில் தரையைத் தொடுமாறு செய்தால் நெம்புகோலே இல்லாமல் போகும். 6 செ.மீ., 24 செ.மீ. உயரத்தில்: 14 டிகிரி.

ஒரே பைப்பைப் பின்னோக்கி 12, பக்கவாட்டில் 14 என்று இரண்டு திசையில் சாய்த்து, அதையே மறுபக்கத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோல் செய்ய வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு வெல்டு வைக்கிற வேலை இல்லை இது. கனமான தகடு ஒன்றில் இரண்டு மரக்கட்டைகளை அந்தக் கோணங்களுக்கு இழைத்துப் பொருத்தினார். ஹெட் பைப்புக்குள் நீளமான ராடைச் செருகி, அதன் நுனி தரையில் எங்கே படுகிறது என்று சாக்கட்டியால் குறித்தார். குறுக்குப் பைப்பின் மட்டத்துக்கு ரசமட்டம். பட்டறை இளைஞர் நான்கு புறமும் டேக் மட்டும் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

"ஒரே பக்கமா ஓட்டுனா இழுத்துக்குமுங்ணா. ஆற உட்டு மாத்தி மாத்தி வெக்கலாமுங்க."

வெல்டு ஆறும்போது சுருங்கிப் பைப்பைத் தன் பக்கம் இழுக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறிய அறிவு. இடது பக்கம் ஒரு அங்குலம், வலது பக்கம் ஒரு அங்குலம், நடுவே ராடின் நுனியைச் சரிபார்த்தல் என்று வேலை மாலை வரை நீண்டது. இணையத்தில் கிடைக்கும் எந்த வரைபடத்தைவிடவும் அந்தப் பொறுமைதான் வண்டியை நேராக்கியது என்பது ஃபிட்டரின் உறுதியான எண்ணம். ஸ்டியரிங் ஆர்மின் 16 டிகிரியும் அதே மாலையில் முடிந்தது, அதற்குரிய கடைசி இடத்தில்.

கைப்பிடியிலும் ஒரு சிறு மாற்றம் தேவைப்பட்டது. கிங் பின்னோடு நேரடியாகப் பூட்டிய கைப்பிடி குட்டையாக இருந்தால் கையின் சிறு அசைவும் பெரிய திருப்பமாகிவிடும். பிடிக்கும் இடம் கிங் பின்னிலிருந்து தள்ளிப் போகப் போக அதே அசைவு சிறிய கோணமாகிறது. பிடியைச் சற்றுத் தள்ளி வைத்ததும், பெடல் மிதிக்கும்போது வந்த தலையாட்டம் நின்றது.

சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஆனைகட்டிச் சாலை. மாங்கரை தாண்டிக் காட்டுக்குள் ஏறும் வளைவுகளில் விடியற்காலையில் மெதுவாக ஏறினார். தங்கை மகன் பைக்கில் பின்னால். திரும்பும்போது இறக்கம். வாகனம் இல்லாத நேர்த்துண்டு ஒன்றில் வேகம் 35-ஐத் தாண்டியபோது இரண்டு கைகளையும் பிடியிலிருந்து விரலளவு தூக்கினார். வண்டி தன் வழியில் போனது. பிறகு வேகம் குறைத்து, இடது பிரேக்கை மட்டும் பிடித்தார். வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்து வேகம் குறைந்ததே தவிர, கைப்பிடி பிடுங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி முழுவதும் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுபடத்தான் செய்யும். ஸ்டியரிங் அதோடு சேர்ந்துகொள்ளாமல் இருப்பதே போதும்.

வளைவுகளில் மட்டும் அவர் இன்னும் எச்சரிக்கையாகவே இருக்கிறார். மூன்றுசக்கர வண்டி சைக்கிளைப்போல் வளைவில் சாயாது. வேகம் மீறினால் உள்சக்கரம் எழும்பும். முன்சக்கரங்களுக்கு இடையே 72 செ.மீ., எடையில் 65 சதவீதம் முன்னால், ஆளும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 50 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஏறத்தாழ 24 கி.மீ. வேகத்தில் அந்த எல்லை வந்துவிடும். எடை மையத்தை 5 செ.மீ. இறக்கினால் 26. கூடவே சக்கரங்களுக்கு இடையே இன்னும் 5 செ.மீ. அகலம் கூட்டினால் 27. எண்கள் சிறியவை. ஆனால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கும் காற்று பக்கவாட்டில் வந்து மோதும்போது அந்தச் சிறிய எண்களுக்கும் மதிப்பு உண்டு. இருக்கையைத் தாழ்த்த வேண்டுமென்றால் நடுத்தண்டில் ஒரு வளைவு வேண்டும். செயின் போகும் வழியில் இன்னொரு புல்லி வேண்டும். அகலத்தைக் கூட்டினால் கிங் பின் இடைவெளி மாறும், 16 டிகிரி 17 ஆகும். அதற்கான பைப்பை வாங்கித் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். வெட்டுவதற்கு முன் எல்லா அளவுகளையும் மறுபடி எடுக்க வேண்டும், அவர் வண்டியில் உட்கார்ந்த நிலையில். தங்கை மகன் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.